விமான நிலைய வீதியில் 98 செக்கன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில், பெற்றோருக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்து விளக்குவது சில வருடங்களாக நான் செய்துவரும் வேலை. நான் சட்டத்தரணி இல்லை. கவுன்சில் வரி, வாடகை, ஆஸ்பத்திரி என்று எல்லாக் கடிதங்களும் வரும். அண்மைக் காலமாக அதிகம் வருபவை தனியார் பார்க்கிங் நிறுவனங்களின் கடிதங்கள். அவற்றிலும் விமான நிலைய வீதிகளில் விழுகிற டிக்கெட்டுகள் தனி ரகம். வேறு இடங்களுக்குப் பொருந்தும் சட்டம் அங்கே அப்படியே பொருந்தாது. இது தெரியாததால் பலர் கட்டத் தேவையில்லாத பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் பொய் சொல்லப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை, அவர்களுடைய சம்மதத்தோடு, தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆட்களின் பெயர், விமான நிலையத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர் எதுவும் இதில் இல்லை.

குடும்பத்தில் மூவர். தாய் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார். தந்தைக்கு இரவு வேலை. மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். வீட்டில் ஒரே ஒரு கார். வாகனப் பதிவுப் பத்திரமான லொக்புக்கில் தாயின் பெயர் இருக்கிறது, அதாவது சட்டத்தின் பேச்சில் அவர்தான் ‘கீப்பர்’. ஆனால் காப்புறுதியில் மூவரும் இருக்கிறார்கள், மூவரும் அந்தக் காரை ஓட்டுவார்கள். இந்த விவரம் பிறகு முக்கியமானது.

2021 மார்ச்சில் கேட்விக்கிலும் அதே வருடம் நவம்பரில் ஹீத்ரோவிலும், முனைய வாசலில் ஆட்களை இறக்கிவிடவே 5 பவுண் கட்டணம் வந்தது. வேறு விமான நிலையங்களிலும் இப்படியான கட்டணம் உண்டு, பல இடங்களில் அது பின்னர் ஏறியும் விட்டது. ஆட்களை ஏற்ற வருபவர்களைப் பெரும்பாலும் குறுகிய நேரத் தரிப்பிடத்துக்குத்தான் அனுப்புவார்கள், அதுவும் மலிவில்லை. அதனால் முனையத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள அணுகு வீதிகளில் ஒரு நிமிடம் நின்று ஏற்றிக்கொண்டு போகும் பழக்கம் கூடியது. அந்த வீதிகளில் கமெராவும் கூடியது.

7 செப்டெம்பர் 2024, சனி மாலை

அம்மம்மா கொழும்பிலிருந்து வந்திறங்கினார். வயது எழுபதுக்கு மேல். சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தார்கள். விமானம் தாமதம், பெட்டிகள் வரவும் தாமதம். காரில் வந்தவர்கள் குறுகிய நேரத் தரிப்பிடத்துக்குத்தான் போக நினைத்தார்கள். வட்டச் சந்தியில் ஒரு தடம் மாறிப் போனதில் நுழைவாயிலைத் தவறவிட்டு, முனையத்தைச் சுற்றிப் போகும் வீதிக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அம்மம்மா வெளியே வந்துவிட்டார், உதவியாளர் திரும்பிப் போகப் பார்க்கிறார், எந்த வாசல் என்று தெரியவில்லை. கார் இடது ஓரமாக அபாய விளக்கைப் போட்டு நின்றது. யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. வாசல் எதுவென்று தெரிந்ததும் கிளம்பி, அடுத்த சுற்றில் தரிப்பிடத்துக்குள் போய்ப் பணம் கட்டி நிறுத்தி, அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அந்த வீதியின் ஓரத்தில் சிவப்பு இரட்டைக் கோடு இருந்தது. ‘நிற்கக் கூடாது’ என்ற பலகைகளும் இருந்தன. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 2007 ஜூன் 30 அன்று கிளாஸ்கோ விமான நிலைய முனையத்தின் வாசலில் எரிவாயுச் சிலிண்டர்கள் ஏற்றிய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து மோதினார்கள். முனையத்துக்கு அருகே வாகனம் நிற்பதைக் கட்டுப்படுத்தப் பாதுகாப்புக் காரணம் உண்டு, அங்கே நின்றது சரி என்று நான் வாதாடவில்லை. ஆனால் அந்தத் தவறுக்கு யார் யாரிடம், எந்தச் சட்டத்தின் கீழ் பணம் கேட்கலாம் என்பது வேறு கேள்வி.

கடிதத்தில் இருந்ததும் இல்லாததும்

செப்டெம்பர் 16 திகதியிட்ட கடிதம் 18ஆம் திகதி தாயின் பெயருக்கு வந்தது. 100 பவுண் கட்ட வேண்டும், 14 நாட்களுக்குள் கட்டினால் 60. இரண்டு படங்கள், இரண்டுக்கும் இடையே 98 செக்கன். காரின் இலக்கத்தகடு தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டிருந்ததால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

மேலே பெரிய எழுத்தில் ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ்’ என்று இருந்தது. கவுன்சில் அனுப்புவது ‘பெனல்டி சார்ஜ் நோட்டிஸ்’. இரண்டையும் பிசிஎன் என்றே சுருக்குகிறார்கள், இரண்டின் நிறமும் அமைப்பும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். கவுன்சிலின் நோட்டிஸ் சட்டம் விதிக்கும் தண்டப்பணம். தனியார் அனுப்புவது, ‘எங்கள் பலகையில் எழுதியிருந்ததை நீங்கள் ஏற்றுக்கொண்டு மீறினீர்கள், ஆகவே ஒப்பந்தப்படி பணம் தாருங்கள்’ என்ற கோரிக்கை. அது குற்றம் இல்லை, குற்றப் பதிவில் ஏறாது. தந்தையின் பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்போது உள்துறை அமைச்சில் இருந்தது. அதனால் வீட்டில் முதலில் வந்த பயமே அதுதான்.

கடிதத்தில் இல்லாத ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. சுப்பர்மார்க்கெட் தரிப்பிடங்களில் விழும் கடிதங்களில், ‘2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை 4 இன்படி, 28 நாட்களுக்குள் பணமும் வராமல், ஓட்டியவரின் பெயரும் எங்களுக்குத் தெரியவராவிட்டால், உங்களிடமே அறவிடும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்ற பொருளில் ஒரு பந்தி வழக்கமாக இருக்கும். இந்தக் கடிதத்தில் அது இல்லை. ‘ஓட்டியவர் பெயரைத் தாருங்கள், தராவிட்டால் நீங்களே ஓட்டினீர்கள் என்று எடுத்துக்கொள்வோம்’ என்று மட்டும் இருந்தது. அந்தப் பந்தியை அவர்கள் மறந்து விடவில்லை. அது என்ன சட்டம், அந்தப் பந்தியை ஏன் விட்டார்கள் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் மூன்று நாட்கள்

18ஆம் திகதி இரவே கட்டிவிடலாம் என்றார் தாய். அவருடைய சம்பளத்தில் 100 பவுண் என்பது முழு ஒரு நாள் வேலைக்கும் மேல். 60 என்றால் தாங்கலாம், பிரச்சினை முடியும், கடிதம் வராது. தந்தைக்குக் கோபம். தனியார் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னார். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ சொன்ன யோசனை அது, இன்றும் நம் ஆட்களிடையே சுற்றுகிறது. 2012க்கு முன் அதில் ஓரளவு பொருள் இருந்தது. இன்று இந்த நிறுவனங்களில் பல நீதிமன்றம் வரை போகின்றன. கடிதங்களைக் கவனிக்காமல் விட்டு, நீதிமன்றப் படிவத்தையும் கவனிக்காமல் விட்டால், நம் பக்கத்தைக் கேளாமலே தீர்ப்பு வந்துவிடும். ஒரு மாதத்துக்குள் கட்டாத தீர்ப்பு 6 வருடம் கடன் பதிவில் நிற்கும். வீட்டுக் கடன் எடுக்கப் போனபோதுதான் அப்படி ஒரு தீர்ப்பு தங்கள் மேல் இருப்பதை அறிந்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். வீடு மாறியவர்கள் லொக்புக்கில் முகவரியை மாற்றவில்லை, கடிதமெல்லாம் பழைய வீட்டுக்குப் போயிருந்தது.

மகன் மூன்றாவது வழியைப் பிடித்தார். நிறுவனத்தின் இணையப் படிவத்தில் மேன்முறையீடு எழுதத் தொடங்கினார். நல்ல வேளையாக அனுப்பவில்லை. 21ஆம் திகதி சனிக்கிழமை தாய் அதைப் போனில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடந்த நாள் அது. மண்டபம் முழுக்க அந்தக் கதையே. நாங்கள் சமையலறைப் பக்கம் போய் இருந்து வாசித்தோம்.

‘நான்’ என்ற சொல்

மகன் எழுதியது நல்ல ஆங்கிலம், மனதைத் தொடும் கதை. அம்மம்மாவின் வயது, சக்கர நாற்காலி, விமானத் தாமதம் எல்லாம் இருந்தது. முதல் வரி, ‘விமான நிலையத்தில் நான் இரண்டு நிமிடம் நிறுத்தியது உண்மைதான்’ என்பது.

யாருடைய ‘நான்’ அது? தாய் சொல்லச் சொல்ல மகன் எழுதியிருக்கிறார். தாய் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். ‘அங்க ரெண்டு நிமிசம்தான் நிண்டது, சொறி சொல்லி எழுது’ என்றாராம். தமிழில் ‘நின்றது’ என்றால் போதும். கார் நின்றது, அவ்வளவுதான், ஓட்டியவரை வசனத்துக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அதைச் சொல்லப்போனால் பிள்ளைகளுக்கு முதலில் வருவது ‘ஐ ஸ்டொப்ட்’. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்காக எழுதும் கடிதங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கணவர் ஓட்டியதற்கு மனைவியின் பெயரில் ‘நான்’ என்று போயிருக்கிறது, மகள் ஓட்டியதற்குத் தந்தையின் பெயரில் போயிருக்கிறது. எழுதியவருக்கு அது ஒரு மொழிபெயர்ப்பு. வாசிக்கும் நிறுவனத்துக்கு, ஓட்டியவர் யார் என்ற ஒப்புதல் வாக்குமூலம்.

அன்று ஓட்டியவர் யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் கேட்கவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

நிலம் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறது

இந்த நிகழ்வின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒப்பந்தம் மீறப்பட்டது என்றால், ஒப்பந்தம் செய்தவரிடம்தான் பணம் கேட்கலாம். பலகையை வாசித்து அங்கே நின்றவர் ஓட்டியவர். ஆனால் நிறுவனத்துக்குத் தெரிவது இலக்கத்தகடு மட்டும். 2 பவுண் 50 பென்ஸ் கட்டி, வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏயிடம் கேட்டால் கிடைப்பது கீப்பரின் பெயரும் முகவரியும். ஓட்டியவர் யாரென்று கீப்பர் சொல்லாவிட்டால் முன்பெல்லாம் நிறுவனம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். 2012இல் வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதைத் தடை செய்தது. அதற்கு ஈடாக அட்டவணை 4 மூலம் நிறுவனங்களுக்கு ஒரு வழி திறந்துவிட்டது. சில நிபந்தனைகளை நிறைவேற்றினால், ஓட்டியவர் தெரியாதபோது கீப்பரிடமே பணம் கேட்கலாம்.

அந்த வழி எல்லா நிலத்துக்கும் இல்லை. அட்டவணையின் பந்தி 3, எது ‘உரிய நிலம்’ என்று சொல்லும்போது மூன்றை விலக்குகிறது. பொதுச் செலவில் பராமரிக்கப்படும் வீதிகள், போக்குவரத்து அதிகார சபையின் தரிப்பிடங்கள், மூன்றாவதாக, வாகனம் நிறுத்துவது ஏற்கெனவே வேறொரு சட்ட விதியின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலம். விமான நிலையங்கள் இந்த மூன்றாவதில் விழுகின்றன. 1986ஆம் ஆண்டு விமான நிலையங்கள் சட்டத்தின் பிரிவு 63 இன் கீழ் பல விமான நிலையங்கள் தமக்கென உபவிதிகளைச் செய்து வைத்திருக்கின்றன. ஹீத்ரோவுக்கு 2014ஆம் ஆண்டு உபவிதிகள், கேட்விக்குக்கு 1996ஆம் ஆண்டு உபவிதிகள். எங்கே வாகனம் நிறுத்தலாம், எங்கே கூடாது என்பது அவற்றிலேயே இருக்கும். மீறினால் அது சிறு குற்றம், மஜிஸ்ரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்.

அப்படியானால் ஏன் அந்த வழக்கைப் போடுவதில்லை? அங்கே விதிக்கப்படும் தண்டப்பணம் அரசுக்குப் போகும், பார்க்கிங் நிறுவனத்துக்கு வராது. ஓட்டியவர் யாரென்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் வேண்டும், சம்பவத்திலிருந்து 6 மாதத்துக்குள் தொடங்கவும் வேண்டும். ஆகவே ஒப்பந்தம் என்ற பெயரில் கடிதம் அனுப்புகிறார்கள். ஆனால் நிலம் உபவிதிகளின் கீழ் இருப்பதால் கீப்பரிடம் கேட்கும் வழி அங்கே அடைபட்டிருக்கிறது. கடிதத்தில் அந்தப் பந்தி இல்லாததன் காரணம் இதுதான்.

எல்லா விமான நிலையத்துக்கும், ஒரே விமான நிலையத்தின் எல்லா வீதிக்கும் இது பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. அதனால் அந்த விமான நிலையத்தின் உபவிதிகளைத் தேடினோம். அதன் இணையத்தளத்திலேயே இருந்தது, கடைசிப் பக்கத்தில் எல்லையைக் கோடிட்டுக் காட்டும் வரைபடத்தோடு. படத்தில் கார் நின்ற இடத்தைப் பின்னால் தெரிந்த ஹோட்டல் ஒன்றைக் கொண்டு அடையாளம் கண்டோம். கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. வாகனம் நிறுத்துவது பற்றிய உபவிதியும் அதில் தெளிவாக இருந்தது.

எடுத்த முடிவு

60 பவுணைக் கட்டி முடிப்பதா, 100 போகலாம் என்று தெரிந்தே எதிர்ப்பதா என்பதைத் தாய்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டு பக்கத்தையும் சொன்னேன். அந்த நிறுவனம் பிரித்தானிய பார்க்கிங் சங்கத்தின் உறுப்பினர் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்தது. ஆகவே நிறுவனம் மறுத்தாலும் பொப்லா என்ற மேன்முறையீட்டுச் சேவைக்குப் போகலாம். அது இலவசம். அதன் முடிவுக்கு நிறுவனம் கட்டுப்பட வேண்டும், நாம் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் அங்கே தோற்றால் 60 என்ற கழிவு விலை போய்விடும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ‘எதிர்ப்போம் அண்ணா, ஆனா ஒரு பொய்யும் எழுதக் கூடாது’ என்றார்.

அந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருந்தது. ‘நான் ஓட்டவில்லை’ என்று எங்குமே எழுதவில்லை, ‘நான் ஓட்டினேன்’ என்றும் எழுதவில்லை. தனியார் டிக்கெட்டில் ஓட்டியவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் பொலிஸிடமிருந்து, வேகம் கூடியது போன்ற குற்றங்களுக்கு வரும் கடிதத்துக்கு 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் பிரிவு 172 இன்படி பெயரைக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் அதுவே குற்றம். இரண்டையும் குழப்பினால் பெரிய ஆபத்து. இந்த வித்தியாசத்தை மகனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

கடிதம் தாமதமாக வந்தது என்றும் ஒரு காரணம் எழுத நினைத்திருந்தேன். கண்ணாடியில் ஒட்டாமல் தபாலில் வரும் கடிதம், வாகனம் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாட்களுக்குள் கிடைத்தால்தான் அட்டவணை 4 இன் கீழ் செல்லும். எண்ணிப் பார்த்தோம். செப்டெம்பர் 8 முதலாம் நாள், 18 பதினோராம் நாள். தாமதம் இல்லை. அந்தக் காரணத்தை வெட்டிவிட்டேன். பிழையான ஒரு வாதம் மற்ற வாதங்களின் மதிப்பையும் குறைத்துவிடும்.

செப்டெம்பர் 24 அன்று, கழிவுக் காலம் முடிய முன்பே, படிவத்தில் அனுப்பியது ஆறு வரிகள்தான். இவர் வாகனத்தின் கீப்பர். ஓட்டியவர் யாரென்று சொல்ல வேண்டிய கடமை இவருக்கு இல்லை, சொல்லப் போவதும் இல்லை. அந்த நிலம் விமான நிலைய உபவிதிகளின் கட்டுப்பாட்டில் உள்ளது, ஆகவே அட்டவணை 4 இன் உரிய நிலம் அல்ல. கட்டணத்தை நீக்குங்கள், மறுத்தால் பொப்லா இலக்கத்தைத் தாருங்கள். அம்மம்மாவின் கதை அதில் இல்லை. எழுதினால் யார் எங்கே இருந்தார்கள், யார் போன் எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். தாய்க்கு இது கஷ்டமாக இருந்தது. உண்மையான காரணத்தைச் சொல்லாமல் சட்டம் கதைப்பது மரியாதையில்லாதது போல் அவருக்குப் பட்டது. அதற்காகவே விமான நிலைய நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினோம், அதிலும் ஓட்டியவரைக் குறிக்காமல். இரண்டு வாரம் கழித்து, ‘பார்க்கிங் நிறுவனத்துடன் தொடர்புகொள்ளுங்கள்’ என்ற ஒரு வரிப் பதில் வந்தது.

மறுப்பும் பொப்லாவும்

ஒக்டோபர் 17 அன்று நிறுவனம் மறுத்தது. எங்கள் ஆறு வரிகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பலகைகள் தெளிவாக உள்ளன, 2015இல் உச்ச நீதிமன்றமே இப்படியான கட்டணங்களை ஏற்றுக்கொண்டது என்று எழுதி, மீண்டும் 14 நாளுக்கு 60 பவுண் என்ற கழிவு விலையைத் தந்திருந்தார்கள். கீழே பத்து இலக்கப் பொப்லா எண்.

உச்ச நீதிமன்றத்தின் பெயரைப் பார்த்ததும் வீட்டில் மறுபடி பயம் வந்தது. அந்தத் தீர்ப்பு உண்மையானதுதான். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதித் தரிப்பிடத்தில் 2 மணித்தியாலம் இலவசம், ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றார், 85 பவுண் கட்டணம் செல்லும் என்று தீர்ப்பானது. ஆனால் அங்கே ஓட்டியவர் யாரென்பதில் பிரச்சினை இருக்கவில்லை, நிலம் உபவிதிகளின் கீழும் இல்லை. நிறுத்த அனுமதி கொடுத்து, அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள். இங்கேயோ நிற்கவே கூடாது என்கிறார்கள். எதை அனுமதித்து ஒப்பந்தம் செய்தார்கள் என்ற கேள்வி வருகிறது.

பொப்லாவுக்குப் போக, மறுப்பிலிருந்து 28 நாள். பலகைகளின் படம் தேவைப்பட்டது. மறுபடி காரில் போய் நின்று படம் எடுத்தால் இன்னொரு டிக்கெட் விழும். மகன் விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் ஏறி முன்பக்கம் இருந்து வீடியோ எடுத்தார். அதில் நன்றாகத் தெரிந்தது: ‘நிற்கக் கூடாது’ என்ற பெரிய எழுத்து வாசிக்கக்கூடியது, அதன் கீழே 100 பவுண் என்றும் நிபந்தனைகள் என்றும் இருந்த சிறு எழுத்து ஓடும் வாகனத்திலிருந்து வாசிக்க முடியாதது. 30 மைல் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனுக்கு 13 மீற்றர் கடக்கும். அந்தப் பலகையை நின்று வாசித்தால் அதற்கே கட்டணம்.

நவம்பர் 5 அன்று பொப்லாவுக்கு அனுப்பினோம். முதலாவது காரணம் நிலம், உபவிதிகளையும் வரைபடத்தையும் இணைத்து. இரண்டாவது, இவர்தான் ஓட்டினார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, மூவர் காப்புறுதியில் இருக்கிறார்கள். கீப்பர் என்றால் ஓட்டியவரும் அவரே என்று ஊகிக்க முடியாது என 2023இல் ஒரு மேன்முறையீட்டு நீதிபதி சொன்னதையும் சேர்த்தோம். மூன்றாவது பலகைகள். நான்காவது, நில உரிமையாளர் இந்த நிறுவனத்துக்குக் கொடுத்த அதிகாரத்தைக் காட்டட்டும் என்பது. ஆட்கள் ஏறி இறங்கவோ சாமான் இறக்கவோ சிறிது நேரம் நிற்பது ‘பார்க்கிங்’ ஆகாது என்று 2016இல் ஒக்ஸ்ஃபோர்டில் வந்த தீர்ப்பையும் கடைசியில் குறிப்பிட்டோம்.

நிறுவனம் நவம்பர் கடைசியில் ஐம்பது பக்க அளவில் ஆவணம் போட்டது. பெரும்பாலும் பலகைப் படங்கள், எல்லாம் பகல் வெளிச்சத்தில், பலகைக்கு நேர் முன்னே நின்று எடுத்தவை. ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது: ‘நாங்கள் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பி இந்தக் கோரிக்கையை வைக்கவில்லை; கீப்பரே ஓட்டினார் என்று நியாயமாக ஊகிக்கிறோம்.’ பதில் எழுத 7 நாள்தான் தருவார்கள். தாய்க்கு அந்த வாரம் முழுக்க நீண்ட ஷிப்ட். மகன் இரவில் இருந்து வாசித்து அந்த வரியைக் கண்டுபிடித்து எனக்கு அனுப்பினார். எங்கள் பதிலை அந்த ஒரு வரியைச் சுற்றியே எழுதினோம்.

முடிவு

டிசெம்பர் 19 அன்று பொப்லா மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டது. முடிவு ஒரு பக்கத்துக்கும் குறைவு. நிறுவனம் கீப்பர் பொறுப்பை நம்பவில்லை என்று தானே சொல்லியிருக்கிறது. மேன்முறையீட்டாளர்தான் ஓட்டினார் என்பதற்கு ஆதாரம் தரவில்லை. ஆகவே கட்டணத்தை நீக்க வேண்டும். மற்றக் காரணங்களை ஆராயத் தேவையில்லை. பலகைகள் பற்றி நாங்கள் பாடுபட்டுச் சேர்த்த வீடியோவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பிறகு நிறுவனத்திடமிருந்து எதுவும் வரவில்லை. உபவிதிகளின் கீழ் வழக்குப் போட இருந்த 6 மாதமும் 2025 மார்ச்சில் முடிந்தது.

மகனின் முதல் வரைவு போயிருந்தால் இது இப்படி முடிந்திருக்காது என்பது என் கருத்து. நிலம் எதுவாக இருந்தாலும், ஓட்டியவர் தானே முன்வந்து சொல்லிவிட்டால் கீப்பர் பற்றிய கேள்வியே எழாது. பலகை, ஒப்பந்தம், 98 செக்கன் என்ற வாதங்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அவை எப்படித் தீரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மறுபடி செய்தால்

உறையை எறிந்துவிட்டார்கள். இந்தத் தடவை திகதி பிரச்சினை வரவில்லை. வந்திருந்தால் தபால் முத்திரை உதவியிருக்கும். இப்போது கடிதம் கொண்டுவரும் எல்லோரிடமும் உறையையும் கேட்கிறேன்.

முதல் மூன்று நாள் வீட்டில் நடந்த சண்டை தேவையில்லாதது. அதற்கு நானும் ஒரு காரணம். பாடசாலையில் இவ்வளவு நாளும் கடிதம் வந்த பிறகு விளக்கியிருக்கிறேனே தவிர, கவுன்சில் டிக்கெட், தனியார் டிக்கெட், பொலிஸ் கடிதம் மூன்றையும் அருகருகே வைத்து முன்கூட்டியே ஒரு தடவைகூடக் காட்டவில்லை. 2025 தை மாதம் பொங்கல் விழாவுக்கு முந்திய சனிக்கிழமை அதைச் செய்தேன். முப்பது பேர் வரை வந்தார்கள், அதில் பாதி இளம் பிள்ளைகள். வீட்டில் கடிதம் எழுதுபவர்கள் அவர்கள்தான்.

பொப்லாவின் 7 நாள் அவகாசத்துக்கும் தயாராக இருக்கவில்லை. ஆவணம் எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வரும் என்பது தெரியும். அடுத்த முறை அனுப்பும் நாளிலேயே யார் வாசிப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். நிறுவனம், பார்க்கிங் நிறுவனங்களுக்கு உள்ள மற்றச் சங்கத்தின் உறுப்பினராக இருந்திருந்தால் பொப்லாவே கிடைத்திருக்காது. அவர்களுக்கு வேறு மேன்முறையீட்டுச் சேவை, காலக்கெடுவும் வேறு. அப்போது நீதிமன்றம் வரை போகத் தயாரா என்பதை முதல் நாளிலேயே கதைத்திருப்பேன்.

அம்மம்மா பெப்ரவரி கடைசியில் கொழும்புக்குத் திரும்பினார். போகும் நாளுக்கு முதல் நாள் இரவு மகன் தரிப்பிடத்தின் அஞ்சல் குறியீட்டைப் போனில் போட்டு, வட்டச் சந்தியில் எந்தத் தடம் என்று வரைபடத்தில் பார்த்து வைத்தார். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே போய், காரை உள்ளே நிறுத்தி, சக்கர நாற்காலி வரும்வரை எல்லோரும் கூடவே நின்றார்கள். தரிப்பிடத்துக்கு 14 பவுண் போனது. பற்றுச்சீட்டைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பியிருந்தார் தாய்.